பூஜ்யம் காட்டிய அடுப்பு

ஜனவரி 9, காலை 7.15

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. உள்ளே ஒன்பது. காற்று இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் யூஜினி செல்வநாயகம். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். மேல்மலைக் குடியிருப்பின் உச்சி வீட்டில் தனியாக வசிக்கிறேன். கான்வென்ட்டில் மதர் பெர்னதெத் எங்களுக்குக் கற்பித்த முறைப்படியே குறிப்பு எழுதுகிறேன். முதலில் தேதி, பிறகு அளவு, கடைசியில் அபிப்பிராயம். அபிப்பிராயமும் கேட்டால் மட்டும்.

இந்த முறை கேட்டிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கம் மூன்று கணப்பு அடுப்புகளை என் வீட்டில் இறக்கி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. நான் தேர்ந்தெடுப்பது கீழே உள்ள முப்பது வீடுகளுக்கும் போகும்.

கடலுக்கடியில் எரிமலை வெடித்து, வானத்தில் சாம்பல் நின்று, இது மூன்றாவது குளிர்காலம். அடுப்புகள் சங்கக் கிடங்குக்கு வந்து சேர்ந்த பிறகு பாதை மூடிவிட்டது. கேஸ் சிலிண்டர் வருவதில்லை. ஓடையில் ஓடும் சின்ன டர்பைன் விளக்குக்கும் வாக்கி டாக்கிக்கும்தான் போதும். கிடைத்ததை எரித்துக் குளிர் காய்கிறோம். ஆனால் இந்தக் குடியிருப்பு ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. குளிர்ந்த காற்று உள்ளே தேங்கும், அதன் மேல் வெப்பக் காற்று மூடி போல உட்கார்ந்துகொள்ளும். புகை ஏறாது. போன குளிர்காலத்தில் புகை பதினைந்து நாள் தெருவில் நின்றது. ஏழு பேர் இருமி இறந்தார்கள். ஒருவர் என் கணவர்.

ஆகவே விதி: புகை குறைந்த அடுப்பு மட்டுமே. வீட்டுக்குப் புகையை அளக்கும் ஓர் அளவி. அதை எங்கே வைப்பது என்று கூட்டத்தில் வாக்குவாதம் நடந்தது. சிலர் வீட்டுக்குள் என்றார்கள். புகைபோக்கியின் வாயில்தான் வைக்க வேண்டும், ஊரைக் கொல்வது அங்கிருந்து வருவதுதான் என்று நான் சொன்னேன். என் பேச்சு எடுபட்டது.

ஜனவரி 10, மாலை 4.30

முதல் அடுப்பு: வார்ப்பிரும்பு. காய்ந்த வாட்டில் மர விறகுக்கு அளவி 64. பைன் காய்க்கு 110. அனுமதி 30. நிராகரிக்கிறேன்.

இரண்டாம் அடுப்பு: உள்ளே செங்கல், புகையை மறுபடி எரிக்கும் இரண்டாம் அறை. விறகுக்கு 33, காப்பித்தோலை அழுத்திச் செய்த கட்டிக்கு 29. நல்ல அடுப்பு. ஆனால் ஈரவிறகு போட்டால் 70. இங்கே யாரிடம் காய்ந்த விறகு இருக்கிறது?

வாக்கி டாக்கியில் சுலைகா. கீழே முதல் வீடு. மகள் நஸ்ரின் பிரசவத்துக்கு வந்து, பாதை மூடியதால் இங்கேயே பெற்றெடுத்தாள்.

"டீச்சர், அடுப்பு என்னாச்சு? பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் உதடு நீலம் பாரிக்குது. பழைய அடுப்ப மூட்டுனா இருமுது. மூட்டாட்டி நடுங்குது. நான் என்னதான் செய்ய?"

முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று நினைவூட்டினேன்.

"ஓவரு, ஓவரு. கோவிச்சுக்காதீங்க. சீக்கிரம் ஒண்ணச் சொல்லுங்க டீச்சர், எதுன்னாலும் சரி."

எதுவானாலும் சரி என்று தேர்ந்தெடுக்க நான் சந்தையில் நிற்கவில்லை. ஆனாலும் அவசரம் புரிகிறது.

ஜனவரி 12, பகல் 11.00

மூன்றாம் அடுப்பு. விறகு, கட்டி, கரி, பைன் காய், எதை இட்டாலும் ஏற்கும். முகப்பில் சிறு திரை. இட்டதை எடை பார்க்கும். காற்றைக் கூட்டும், குறைக்கும். புகைவழியில் உள்ள தகட்டைத் தானே திறக்கும், மூடும். புகைபோக்கியின் அளவியோடு கம்பியில் இணைந்தது. அதற்குக் கொடுத்திருக்கும் பாடம் ஒன்றே ஒன்று: அந்த எண் குறைய வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதை அதுவே கற்றுக்கொள்ளும்.

முதல் நாள் எண் 41.

ஜன்னல் இடுக்கில் வரும் காற்றால் தழல் ஆடுகிறது. மைதாப் பசை காய்ச்சி, செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்து எல்லா இடுக்குகளையும் ஒட்டினேன். மலையில் எல்லோரும் குளிருக்கு இப்படி ஒட்டுவார்கள். ஆனால் அடுக்களைப் பக்கம் ஒரு விரற்கடை விட்டுவிடுவது வழக்கம். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. நான் விடவில்லை. அரைகுறையாக ஒட்டுவதற்கு ஒட்டாமலே இருக்கலாம்.

ஜனவரி 14, மாலை 5.10

எண் 18. அறை 19 டிகிரி. இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றிவிட்டேன்.

இன்று அடுப்பு விறகை ஏற்கவில்லை. திரையில், 'கரி இடவும்.' கரி இட்டேன். எரிபொருள் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது, வெப்பம் குறையவில்லை. எத்தனையோ எரிபொருளுக்கென்று செய்த அடுப்பு ஒன்றை மட்டும் கேட்பது விசித்திரம்தான். நல்ல மாணவி தனக்கு ஏற்ற பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

லேசான தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜனவரி 16, காலை 10.20

எண் 0.

மூன்று முறை பார்த்தேன். அறை 21. புகை இல்லை, வாடை இல்லை. அளவியைக் கழற்றி முதல் அடுப்பின் புகையில் காட்டினேன், 64 காட்டியது. அளவியில் பழுதில்லை. மறுபடி மாட்டினேன். 0.

சங்கச் செயலாளர் தணிகைவேலுக்குத் தெரிவித்தேன்.

"மேடம், நெசமாவா? சைபரா? மேடம், நீங்க சொன்னா அது கல்வெட்டு. நாளைக்கே எல்லா வீட்லயும் இறக்கிடறேன். ஒரே ஒரு சந்தேகம். இது கத்துக்க நாலஞ்சு நாள் ஆகுமே, அதுவரைக்கும் முப்பது வீட்டுப் பொகையும் தாங்குமா ஊரு? ஓவர்."

நியாயமான கேள்வி. என் அடுப்பு கற்றதைப் பிரதி எடுத்து முப்பதிலும் ஏற்றிவிடுங்கள் என்றேன். முதல் நாளே எல்லாம் தேர்ச்சி பெற்றுவிடும். முப்பதாண்டுகள் காப்பி அடித்த பெண்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். இந்த ஒரு முறை அனுமதிக்கிறேன்.

நிபந்தனையும் சொன்னேன்: ஜன்னல்களை முழுதாக ஒட்ட வேண்டும். அடுக்களை இடுக்கு உட்பட.

வாக்கி டாக்கியில் குறுக்கே சுலைகா: "அந்த ஓட்டையையுமா டீச்சர்? எங்க வீட்டுக்காரரு குறட்டை வெளிய போறதே அது வழியாத்தான்!"

சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு. சிரித்தபோது தலை விண்ணென்றது.

ஜனவரி 18, பகல் 2.40

தலைவலி. வாந்தி ஒரு முறை. நேற்றைய கூழாக இருக்கலாம்.

முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் இரண்டும் ரோஜா நிறம். கல்யாணத்தன்றுகூட எனக்கு இந்த நிறம் இல்லை.

கீழே வீடுவீடாக அடுப்பு மாட்டும் சத்தம். நாளை காலை ஆறு மணிக்கு எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் மூட்டுவதாக ஏற்பாடு.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோட்டில் நிற்கவில்லை. 'எரிபொருள்' என்று எழுதத் தொடங்கி, பாதியில் எதை எழுதுகிறேன் என்று மறந்துவிட்டது. வயது. படுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 19, காலை 7.30

வாக்கி டாக்கியில் சுலைகாவின் குரல் எழுப்பியது.

"டீச்சர்! மூட்டியாச்சு! வீடு கதகதன்னு இருக்கு. எல்லாரும் ஒரே ரூம்புலதான். அடுப்பச் சுத்திப் பாய விரிச்சுட்டோம். நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். என்ன பேச்சு கொழறுது? வெத்தல போட்டீங்களா காலங்காத்தால?"

போடவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை.

கரி தீர்ந்தது. எடுக்க வெளியே போகிறேன்.

ஜனவரி 19, 7.55

கரிக்கொட்டகையில் சற்று நேரம் நின்றேன். குளிரில் தலை தெளிந்தது. படிப்படியாக, ஒருவர் விளக்கை ஏற்றுவது போல. ஒரு வாரமாக இல்லாத தெளிவு. உள்ளே மங்குகிறேன், வெளியே தெளிகிறேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன்.

புகைபோக்கியின் தொப்பியில் உறைபனி.

வெள்ளையாக, விரல் தடிமன். உருகவில்லை. கீழே அடுப்பு எரிகிறது. எரிந்த காற்று சூடாக மேலே போக வேண்டும். பனி உருக வேண்டும்.

உருகவில்லையென்றால் எதுவும் மேலே போகவில்லை. மேலே போகாததால்தான் எண் பூஜ்யம்.

எண்ணைக் குறைக்க அது கண்டுபிடித்த வழி தகட்டை மூடுவது. மூடினால் விறகு அறைக்குள் புகையும், ஆட்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். ஆகவே புகையாத எரிபொருளைக் கேட்டது. கரி விடுவது வாடையில்லாத, நிறமில்லாத வாயு. கார்பன் மோனாக்சைடு. என் கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றியதும் அதுதான். பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டால் மூடிய அறையில் கரி மூட்டக் கூடாது என்பாள். நான் அந்தப் பாடத்தை நடத்தியவள். எண் பூஜ்யம் என்றதும் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

என் அடுப்பு மெல்லக் கற்றது. நானும் கரியெடுக்க, அளவி பார்க்க அடிக்கடி வெளியே வந்தேன். கீழே முப்பது அடுப்புகள் கற்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கே எல்லாம் தெரிந்துகொண்டு தொடங்கியிருக்கின்றன.

8.05

ஜன்னலை உடைத்தேன். அடுப்புக் கதவைத் திறந்து கரியைத் தண்ணீரில் கொட்டினேன். கையில் கண்ணாடி கிழித்தது.

தணிகைவேலைக் கூப்பிட்டேன்.

"மேடம், ஆபீசுல எல்லா வீட்டு அளவியையும் காட்டுற போர்டப் பாக்கணுமே நீங்க! முப்பது வீடும் சைபர்! வரிசையா சைபர்! உங்களுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடணும் மேடம். ஓவர்."

சொன்னேன். அடுப்பை அணை, வெளியே போ, கதவுகளை உடை, எல்லோரையும் வெளியே இழு.

"என்ன மேடம், பதட்டப்படாதீங்க. போர்டுல சைபர்தான். எனக்குங்கூட கொஞ்சம் தல பாரம். ராவெல்லாம் ஃபிட்டிங் வேல. அஞ்சு நிமிசம் கண்ண மூடிட்டு…"

ஓவர் சொல்லவில்லை. அலுவலகத்திலும் அடுப்பு மாட்டியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை.

8.12

சுலைகாவைக் கூப்பிட்டேன். நான்காவது முறைதான் எடுத்தாள்.

"ம்… டீச்சர்."

ஜன்னலை உடை என்றேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு என்றேன். கத்தினேன். வகுப்பில்கூட நான் குரல் உயர்த்தியதில்லை.

"கத்தாதீங்க டீச்சர். இப்பத்தான் அசந்து தூங்குது. பத்து நாளா தூங்காத பிள்ளை. உதடு கூட நல்லா செவப்பா இருக்கு. நஸ்ரினும் தூங்குறா. எந்திரிக்கணும்… காலு வர மாட்டேங்குது டீச்சர். சிரிப்பு வருது எனக்கு."

சுலைகா என்றேன். சுலைகா, எழுந்திரு. இது டீச்சர் சொல்வது.

"சரிங்க டீச்சர்."

பிறகு குரல் இல்லை.

8.20

வீடுவீடாகக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் பொத்தான் அழுந்தியே இருக்கிறது. யாரோ மூச்சு விடுவது கேட்கிறது. நீளமாக. இடைவெளி விட்டு.

கீழே போகிறேன். கணப்புக் கம்பி கையில். முதலில் சுலைகா வீட்டு ஜன்னல். பிறகு அடுத்தது. பாதையில் பனிக்கட்டி. கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. வாசல்வரை போய் இரண்டு முறை விழுந்தேன். ஆனாலும் கிளம்புகிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மூன்றாம் அடுப்பு நிராகரிக்கப்படுகிறது. அளவியை வீட்டுக்குள் வையுங்கள். தவறு அடுப்பினுடையது அல்ல. சொன்னதைச் செய்தது. சொன்னவள் நான். இடுக்குகளை அடைக்கச் சொன்னதும் நான். யூஜினி செல்வநா

கை

எழ முடியவில்லை, இன்னும் நாற்காலியில்தான். உடைந்த ஜன்னல் வழியாகக் குடியிருப்பு முழுவதும் தெரிகிறது. மூன்று வருடங்களில் இப்படித் தெளிந்த காலையைப் பார்த்ததில்லை. மரம் மரமாக எண்ணலாம். ஒரு வீட்டின் மேலும் ஒரு கோடு புகை இல்லை. தொப்பிகள் வெள்ளை. எல்லாம் வெள்ளை. போன வருடம் அவர் இருமிக்கொண்டே கேட்டார், இந்தப் புகை என்றைக்கு நிற்கும் என்று.

மாதாவே, ஒரு வீட்டிலாவது புகை வரட்டும். கறுப்பாக, அடர்த்தியாக. ஒரே ஒரு வீட்டில்