காணாமல் போனோர் பலகையில் என் முகம்

அனுப்புநர்:
தையல்காரர் வீட்டுப் பெரியம்மா,
முனை வீடு (பச்சைக் கதவு),
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
விழாக்கள், சந்தைகள் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம், முதல் மாடி.

பொருள்: வீட்டிலேயே இருக்கும் என்னை, விழா மைதானத்தின் ‘காணாமல் போனோர்’ பலகையில் தொடர்ந்து மாட்டி வைத்திருப்பது குறித்து.

மதிப்பு மிகுந்த ஐயா,

1. என் மூத்த பேரன் கால்நடை மருத்துவர். அவன் கை பட்டால் முட்டுகிற காளையும் சாதுவாக நிற்கும். அடுத்தவள் பேத்தி, லாரி ஓட்டும் உரிமத்தை முதல் தடவையிலேயே வாங்கியவள். அவள் அப்பா, அதாவது என் மகன், ஸ்கூட்டருக்கே மூன்று தடவை போய் வந்தான். மூன்றாமவன் தணிக்கையாளர் தேர்வில் தேறியவன். இப்போது வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறான். கடைக்குட்டிப் பேத்தி இளைஞர் இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். இதற்கும் புகாருக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். இந்தப் பத்திக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இங்கிருந்து ஆரம்பிக்காவிட்டால் எனக்குப் பேச்சே வராது. அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இந்த மனு.

2. நம் மாவட்டத்தில் கோயில் திருவிழா, பள்ளிவாசல் விழா, தேவாலயப் பெருநாள் எல்லாவற்றுக்கும் ஒரே மைதானம், ஒரே பந்தல்காரர், ஒரே ராட்டினம். காணாமல் போனோர் கூடாரமும் ஒன்றேதான். அதன் வாசலில் உள்ள பலகையும் விழாவுக்கு விழா அப்படியே எடுத்து நிறுத்தப்படுகிறது. ஒட்டிய படங்களை யாரும் கிழிப்பதில்லை.

3. சென்ற கோயில் திருவிழாவில், வளையல் கடைக்காரம்மாவிடம் மூத்தவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாமவளுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டார் ஒருவரையும் காணோம். நேரே கூடாரத்துக்குப் போய், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நால்வர், ஆக ஆறு பேரைக் காணவில்லை என்று முறைப்படி தெரிவித்தேன். அங்கிருந்த மீசைக்காரத் தொண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆறு பேரும் ஒண்ணாத்தானே இருப்பாங்க? அப்போ காணாமப் போனது நீங்கதான் பாட்டி” என்றார். ஐயா, நான் நின்ற இடத்திலேயே நின்றவள். நகர்ந்தவர்கள் அவர்கள். இந்த நியாயத்தை நான் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே படம் எடுத்துப் பலகையில் ஒட்டிவிட்டார். வாய் ஆவென்று திறந்திருக்கிறது. ஒரு கண் மூடியிருக்கிறது. பார்த்தால் எனக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விடலாம் என்று தோன்றுகிறது.

4. ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, “கால்நடை மருத்துவரின் பாட்டி” என்று சேர்க்கச் சொன்னது நானேதான். அதற்குப் பிறகு அவனிடம் மாடு கொண்டுவருபவர்கள் எல்லாம், “டாக்டரே, பாட்டி கெடைச்சுட்டாங்களா?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்களாம். அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மாடுகளோடு பேசினான்.

5. அடுத்து வந்த பள்ளிவாசல் விழாவில் அத்தர் விற்பவர் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். “வாங்கம்மா, பயப்படாதீங்க” என்று என் கையைப் பிடித்துக் கூடாரத்தில் சேர்த்தார். தேவாலயப் பெருநாளில் மெழுகுவர்த்தி விற்கும் இரு சகோதரிகள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். என் மருமகள் எனக்கு நான்கடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். “அவங்க தொலையல, என் மாமியார்தான்” என்று கத்தினாள். யார் கேட்டார்கள்? மூன்று மதத்தாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்றால், அது என் முகம்தான். அவர்கள் பரிவை நான் குறை சொல்லவில்லை.

6. ஆனால் அந்தப் பெருநாள் பவனியில் அலங்கார லாரியை ஓட்டியவள் என் மூத்த பேத்தி. ஒரு பெண்பிள்ளை அதை ஓட்டியது அதுவே முதல் முறை. நான் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். படுதாவுக்கு அந்தப் பக்கம் லாரி போனது. ஹாரன் இரண்டு தடவை கேட்டது. எனக்காகத்தான் அடித்திருப்பாள். நான் கையைத் தூக்கி ஆட்டினேன், படுதாவைப் பார்த்து.

7. வரும் மாதம் எல்லா மதத்தாரும் சேர்ந்து நடத்தும் ஆண்டுச் சந்தை. அதில் கடைக்குட்டி முதன்முறையாகத் தனியாக ட்ரம்பெட் ஊதப்போகிறாள். கூட்டத்தைக் கண்டாலே அவளுக்கு உதடு உலர்ந்துவிடும். “நீ முன்னாடி உக்காந்திரு பாட்டி, நான் உன்னை மட்டும் பாத்து ஊதிடுறேன்” என்றாள். என் மகனோ, “அம்மா, உன்னைத் தூக்கிட்டுப் போறதும் நாங்க மீட்டுட்டு வர்றதுமே பொழப்பாப் போச்சு. வீட்டுல இரு, வீடியோ எடுத்துட்டு வரேன்” என்று முடித்துவிட்டான். வீடியோவைப் பார்த்து நான் தலையாட்டினால் மேடையில் நிற்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

8. பலகையையே எடுத்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். நிஜமாகவே தொலைந்தவர்களுக்கு அது வேண்டும். என் படத்தைக் கிழித்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கவில்லை. ஊருக்கே என் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆகையால் இத்துடன் புதிய படம் ஒன்றை இணைத்துள்ளேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது. வாய் மூடியிருக்கிறது, அதற்குத்தான் பேரன் ரொம்பச் சிரமப்பட்டான். சந்தை தொடங்குமுன், பழையதன் மேலேயே இதை ஒட்டி, கீழே பெரிய எழுத்தில், “இவர் காணாமல் போகவில்லை. மேடைக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். வழி விடவும்” என்று எழுதிவைக்க ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: முனை வீடு, முன்னறை
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தையல்காரர் வீட்டுப் பெரியம்மா,
ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி

இணைப்பு: புகைப்படம் ஒன்று