உங்கள் பதிலை நான் எழுதிய விதம்

அண்ணே,

முகப்பேரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மிக்சியைக் கொடுத்துவிட்டு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காயும் வார்னிஷின் வாசனை. ஐம்பது வருடங்களாக அந்த வாசனை எங்கே வந்தாலும் அது உங்களுடையதுதான். கடைக்காரர் பொழுதுபோகட்டும் என்று ஒரு பழைய செய்தித்தாளை நீட்டினார். அதில் மறதி நோய் பற்றிய கட்டுரை. அல்சைமர் என்கிறார்கள். மூளையின் நரம்பு செல்களில் கொழுப்பு மாறிப்போகிறதாம். நரம்பிழையை உறைபோல் சுற்றியிருக்கும் கொழுப்பு குறைகிறதாம். சேரக் கூடாத இடத்தில் கொழுப்புத் துளிகள் சேர்கின்றனவாம். இது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று இன்னும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பாமரருக்கு விளங்க வேண்டுமே என்று ஓர் உதாரணமும் கொடுத்திருந்தார்கள்: மின்கம்பியும் அதன் மேல்பூச்சும்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னா சார், கரண்ட் அடிச்சிதா?" என்றார் கடைக்காரர்.

அந்த உதாரணத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். உங்கள் வாயிலிருந்து. கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

அந்த நாட்களில் நாம் இருவரும் தினமும் பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவோம். நீங்கள் வைண்டிங் பிரிவில் காயில் சுற்றுபவர்; நான் அதே கம்பெனியில் தட்டச்சு குமாஸ்தா. ரயிலில் சீட்டாடும் கூட்டம் உங்களை மட்டும் சேர்க்காது. யார் கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஆவடியிலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தீர்கள். பின்னால் ஓடி வந்தேன்.

"இன்னா நைனா, கம்பெனிய காணோம்?" என்று கேட்டீர்கள்.

"தூக்கிக்கினு போயிட்டாங்க அண்ணே" என்றேன் நான். அந்த வயதில் எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

நீங்கள் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு மேசையில் சாக்பீஸ் கோடுகள் வந்தன. எண்ணாமலே சுற்றுகிறவர், பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு போட்டீர்கள். பிறகு, கோடு போட்டாயிற்றா என்ற சந்தேகத்தில் இன்னொரு கோடு. சோதனையில் ஒரு மோட்டார் புகைந்தது. அடுத்த மாதம் இரண்டு.

மதுக்கடைகள் திறந்திருந்த காலம் அது. தடுமாறுகிறவனுக்கு வேறு காரணம் தேடும் சிரமம் யாருக்கும் இல்லை. "பெருசு காலையிலயே ஏத்திகினு வருது மாமே" என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். உங்களுக்கு வயது நாற்பத்தெட்டு. தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தெரியும், உங்களிடம் வார்னிஷ் வாசனை மட்டும்தான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பெனி உங்கள் மேல் விசாரணை வைத்தது. அதற்கு முந்திய நாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தார்கள்.

"தம்பி, அவுரு குடிக்கிறவரு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பா. வேலை போனாக்கூட எப்படியோ பொழைச்சிக்குவோம். குடிகாரன்னு பேரு வாங்கிக்கினு ஊட்டுக்கு வரக் கூடாது."

"பாக்கலாம் அண்ணி" என்றேன்.

விசாரணையில் பதிவு செய்ய உட்கார்ந்தவனே நான்தான். வேலையில் இருக்கும்போது குடித்திருந்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். கம்பி நல்லாத்தான் கீது. மேல கீற பூச்சுதான் உரிஞ்சிகினு போவுது" என்றீர்கள். ஒரு விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டினீர்கள். "இங்க."

அறையே சிரித்தது. சிரித்து முடித்த அதிகாரி என் பக்கம் திரும்பி, "இதை என்னன்னுய்யா எழுதறது?" என்றார்.

"ஏளனமா பதில் சொன்னார்னு போடலாம் சார்."

அந்தச் சொல் என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொருத்தமான சொல்லை எடுத்துக் கொடுத்த திருப்திகூட இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: குடித்திருந்ததை மறுத்தாலும் நடத்தை அதையே காட்டியது. வேலை போயிற்று. பேரும் வந்தது.

இரண்டு வருடம் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்காதீர்கள். நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "வாங்க சார்" என்றீர்கள். நீங்கள் கூப்பிட்ட நைனா போய்விட்டான். அண்ணி காப்பி கொடுத்தார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். "பூச்சு உரிஞ்சிகினு போவுது" என்பதை ஓய்வு பெறும் விழாக்களில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உங்கள் குரலிலேயே, நெற்றியைத் தொட்டுக் காட்டி. நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று எனக்கு இருக்கிற பெயரில் நல்ல பங்கு உங்களுடையது. அது நகைச்சுவையே இல்லை, தன் தலைக்குள் நடந்ததைத் தன் தொழில் மொழியில் ஒருவர் சொன்ன வாக்குமூலம் என்று ஒரு மிக்சி ரிப்பேரில்தான் தெரிந்தது. இன்னும் அதிர்ச்சி தணியவில்லை. மிக்சியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்; வீட்டில் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்க்கிறார்கள்.

நீங்களும் அண்ணியும் இப்போது இல்லை. கம்பெனியும் இல்லை. எழுதித் தர வேண்டிய வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன்:

இவர் குடிப்பவர் அல்லர். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னார்.