நெற்றியில் துளிர்

வியாழன், ஐப்பசி மழை

முடி கொட்டுவதற்குத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறுதான் காரணம் என்று ஒரு வருடம் நம்பினேன். தலையில் மாட்டுவதை விட்டுத் தோளில் மாட்டினேன். அப்போதும் கொத்துக் கொத்தாகப் போனது. தைராய்டு என்றார் டாக்டர். ஏலக்காய் விதை அளவு மாத்திரை. இது என்ன செய்துவிடும் என்றுதான் விழுங்கி வந்தேன்.

இன்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலைத்துண்டை அவிழ்த்தேன். என்னோடு பறிக்கும் செல்வமேரி அக்கா சட்டென்று என் தலையைப் பிடித்தாள். அட்டை ஏறிவிட்டதோ என்று பயந்தேன்.

“ஏட்டி, கவாத்து வெட்டுன செடி மாதிரில்லா நெத்தியில முடி முளைச்சிருக்கு!”

வெட்டிய தேயிலைக் கட்டை துளிர்ப்பதைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு நாளும் வியந்து நின்றதில்லை.

வலது கை எழுதுகிறது. இடது கை நெற்றியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.