நோங் யாங் வாணத்துக்கு நாம் கொடுத்த வால்

மகள் புவாவுக்கு, உன் பெரியப்பா சாலி எழுதிக்கொள்வது. இந்த வருஷத்து வாணத் திருவிழாவில் யார் வாணம் ஏறும், யார் சேற்றில் இறங்குவார்கள், உன் தம்பி சாயனுடைய கல்யாணப் பேச்சு என்னவாகும் என்பதை எல்லாம் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அடுத்த வரியில். இங்கே நானும், உன் அப்பா சோம்தியும், அம்மாவும், எருமைகளும் சுகம். உன் பெரியம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, என்னைத் திட்டிக்கொண்டு துரத்தும்போது அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அங்கே தைவானில் உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது, குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறாயா, ஒட்டரிசிச் சோறு கிடைக்கிறதா. உன் அம்மா ஒரு புட்டி ஊறல் மீன் அனுப்பப் பார்த்தாள், தபால் ஆபீஸில் மூடியைத் திறக்காமலே வரிசையில் நின்றவர்கள் கலைந்துபோய்விட்டார்கள், தபால்காரர் ஜன்னல் வழியாகக் குதித்தார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், குதிக்கவில்லை என்று அவர் மட்டும்தான் சொல்கிறார்.

உன் கடிதத்தை நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த வீட்டில் நாலாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தானே, அதற்குமேல் கற்றுக்கொடுக்க அந்த வாத்தியாரிடம் ஒன்றும் மிச்சமில்லை. தொழிற்சாலையில் உங்கள் வரிசைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டுமாம், உன்னையும் உன் தோழி வான்டியையும் மனுப் போடச் சொன்னார்களாம், ஒருத்திக்குத்தான் கிடைக்குமாம். வந்த புதிதில் கையைச் சுட்டுக்கொண்டு அழுத உனக்கு ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவள் வான்டிதான், அவளை எதிர்த்து நிற்பதா, ஒதுங்கிக்கொள்வதா, அப்பாவைக் கேட்டு எழுதுங்கள் பெரியப்பா என்று எழுதியிருந்தாய். கேட்டேன். உன் அப்பா ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று அளந்து வைத்திருப்பவன், அன்றைய கணக்கை எருமைகளிடமே பேசித் தீர்த்துவிட்டான் போலிருக்கிறது. புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தான். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில் விழுந்தது. நீ கேட்டது தொழிற்சாலையைப் பற்றி, நான் சொல்லப்போவது வாணத்தைப் பற்றி, பொறுமையாகப் படி.

உன் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஒரு விசித்திரமான வண்டி. எங்கே ஓட்டினாலும் ஓடும், பக்கத்து நோங் யாங் ஊருக்குள் நுழைந்தால் மட்டும் பழுதாகிவிடும், அதுவும் வாண மேஸ்திரி தாவோன் வீட்டு வாசலில்தான் நிற்கும். தாவோனுக்கு லம்துவான் என்று ஒரு மகள் இருக்கிறாள் என்று சொன்னால் மீதி உனக்குப் புரியும். வெயில் காலத் தொடக்கத்தில் நானும் உன் அப்பாவும் பெண் கேட்கப் போனோம். தாவோன் எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னான், ‘மூணு வருசமா ஒங்க ஊர் வாணம் கெளம்புறதும் விழுறதும், அதக் கட்டுன ஒங்க தம்பிய வழக்கப்படி நாங்க சேத்துல போடுறதுமா இருக்கு. அந்த வீட்டுக்கு எம் பொண்ணக் குடுத்தா அவளுக்குத் துணி தொவச்சே ஆயுசு போயிடும் அண்ணே. இந்த வருசம் ஒங்க வாணம் ஒழுங்கா ஏறட்டும், அப்புறம் பாய் போட்டுப் பேசுவோம். இல்லன்னா வேற எடம் பாக்கிறேன்.’ நான் விடுவேனா, ‘இந்த வருசம் எங்க வாணம் போற போக்குல அது எறங்கி வர்றதுக்குள்ள ஒம் பொண்ணு ரெண்டு புள்ள பெத்துருவா’ என்றேன். உன் அப்பா என் முழங்கையைக் கிள்ளினான். சாயன் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள், எறும்பு முட்டைக் குழம்பு வைத்த அன்றைக்கு மட்டும் சாப்பிட்டதை நான் பார்த்தேன்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, உனக்கும் தெரியும். தாவோனை ஜெயிக்கவேண்டும், ஆனால் அவன் வாணம் ஏறாமலும் போய்விடக்கூடாது. மேலே இருக்கும் மழைத் தெய்வம் பயா தேனுக்கு வாணம் விட்டால்தான் மழை ஞாபகம் வரும், அவர் இது எந்த ஊர் வாணம் என்று விசாரித்துவிட்டு மழை அனுப்புகிறவர் இல்லை. நோங் யாங்குக்கும் நமக்கும் வாய்க்கால் ஒன்று, அவர்கள் நாற்றங்கால் வெடித்தால் நம்முடையதும் வெடிக்கும். அதனால் இங்கே ஒவ்வொருவனும் எதிரூர்க்காரன் வாணம் நன்றாக ஏறட்டும், நம்முடையதைவிடக் கொஞ்சம் முன்னால் விழுந்து தொலையட்டும் என்றுதான் கும்பிடுகிறான். அவ்வளவு நுணுக்கமான வேண்டுதலைப் புத்தர் எப்படிப் புரிந்துகொள்கிறாரோ.

உன் அப்பா இந்த வருஷம் வெடிமருந்து இடித்த விதமே வேறு. கோயில் வளாகத்தில் ஊரே வரிசையாக உட்கார்ந்து கரியையும் வெடியுப்பையும் இடித்தது, நான் மேற்பார்வை பார்த்தேன், இடிக்க எனக்கு நேரம் இல்லை. வாலுக்கு மூங்கிலைக் குளிர்காலத்திலேயே வெட்டி, அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் போட்டிருந்தான். வால் நேராகவும் காய்ந்தும் இருந்தால்தான் வாணம் நேராகப் போகும் என்பது உனக்குத் தெரியாததா. இங்கேதான் என் தீர்க்கதரிசனத்தைக் கவனிக்கவேண்டும். ‘தம்பி, ஒண்ணு போதாது, ரெண்டா காயவை, யாருக்காவது தேவைப்படும்’ என்று அப்போதே சொன்னேன். இரண்டு மூங்கிலும் அக்கா தங்கை போல அடுப்புக்கு மேல் காய்ந்தன.

திருவிழா அன்று ஊர்வலம். நான் வழக்கம்போல உன் பெரியம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டி, உதட்டுச் சாயம் பூசி, முன்வரிசையில் ஆடினேன். கூட்டத்தில் ஒரு கிழவன் என்னைப் பெண் கேட்டான், பெரியம்மா கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில்தான் பின்னால் ஒரு சத்தம். நோங் யாங்காரர்கள் நாகம் செதுக்கி ஜிகினா ஒட்டி ஜோடித்த வண்டி பாலத்துத் திருப்பத்தில் மின்கம்பத்தில் இடித்துவிட்டது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாணத்தின் வால் நடுவில் பிளந்துவிட்டது. முறை வரும்போது வாணத்தை ஏவுகிற சாரத்தில் ஏற்றாவிட்டால் விழுந்ததற்குச் சமம், நேராகச் சேறுதான். நம் ஊர்ப் பையன்களுக்குக் கேட்கவா வேண்டும், ‘வால் போன பல்லியாட்டம் நிக்கிறாரு பாருடா மேஸ்திரி’ என்று மேளத்தைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சாயன் காதருகில் யாரோ, ‘டேய், இனிமே நாம கையக் கட்டிக்கிட்டு நின்னாலே போதும், பொண்ணு ஒனக்குத்தான்’ என்றான். சாயன் சிரிக்கவில்லை, லம்துவான் எங்கே நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தான்.

உன் அப்பா கூட்டத்தை விட்டு விலகினான். நான் கண் ஜாடை காட்டினேன், போ என்று. நம்மிடம் இருந்த உபரி மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக நோங் யாங்காரர்கள் கும்பலுக்குள் போய் தாவோன் காலடியில் போட்டான். தாவோன் சந்தேகப் பிராணி, ‘என்னய்யா இது, உள்ள பூச்சி அரிச்சதா? ஒங்க ஊர்ல எதையும் சும்மா குடுக்கமாட்டீங்களே’ என்றான். ‘தட்டிப் பாருங்க’ என்றான் உன் அப்பா. தட்டினான். காதை வைத்துக் கேட்டான். இரண்டு பேரும் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்கள். வாணத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, முன்பாரம் பின்பாரம் பார்த்து, ஒருவன் பிடிக்க ஒருவன் இறுக்க, ‘இன்னும் ஒரு விரக்கட தள்ளு’, ‘தள்ளியாச்சு’, ‘அது ஒன் வெரல், என் வெரலுக்குத் தள்ளு’ என்று புருஷன் பெண்டாட்டி போலச் சண்டை. வேலை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து கட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நோங் யாங் வாணம் முதலில் ஏறியது. மகளே, அது போன போக்கை என்ன சொல்வேன், கடுகாகி, கடுகும் மறைந்து, நடுவர்கள் கடிகாரத்தைக் குலுக்கிப் பார்த்தார்கள். பாங்காக் போகும் விமானம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்தது நம்முடையது. நன்றாகத்தான் கிளம்பியது, உன் அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை, பனை உயரம் தாண்டியதும் குறுக்கே ஒரு காற்று வந்தது, எருமை குளத்தைக் கண்டால் திரும்புமே அதுபோல மேற்கே திரும்பி, கோயிலுக்குப் பின்னால் தாமரைக் குளத்தில் போய் விழுந்தது. நாலாவது வருஷம். நோங் யாங் பையன்கள் உன் அப்பாவைத் தூக்கினார்கள், சேலையோடு என்னையும் தூக்கினார்கள், சேற்றில் போட்டார்கள். சாயன் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், அவனை யாரும் தூக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவர்கள் கொடுத்த சாராயப் புட்டியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

தாவோனைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லி, தாமரைக் குளத்துப் பக்கம் போனான். நம் வாணத்தை அங்கே கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். குனிந்து வாலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தவன் புதுப் பட்டு லுங்கியோடு சேற்றுக்குள் இறங்கி உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ‘ஏன்யா இப்படிப் பண்ணுன?’ என்று கேட்டான். உன் அப்பா, ‘மழை வேணும்ல’ என்றான். தாவோன் முகத்தைத் துடைத்துக்கொண்டான், சேற்றுக் கையால் துடைத்தால் என்ன ஆகும், ‘நல்ல நாள் பாருங்க சம்பந்தி’ என்றான். சாயன் அவன் காலில் விழப்போய் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தான், லம்துவான் சிரித்த சிரிப்பு மேளத்தைத் தாண்டிக் கேட்டது. என் ஆட்டத்தைப் பார்த்துத்தான் தாவோன் மனம் இளகினான் என்பது என் முடிவு, வேறு காரணம் யாராவது சொன்னால் நம்பாதே. மழை அன்றைக்கே கொட்டியது என்று எழுத ஆசைதான், ஆனால் உன் அம்மா உண்மையை எழுதச் சொல்கிறாள், அடுத்த வாரம்தான் வந்தது, இரண்டு ஊருக்கும் வந்தது.

ஆகவே மனுப் போடு. ஒதுங்கிக்கொண்டு தியாகம் செய்தேன் என்று பின்னால் வான்டியை முறைத்துக்கொண்டு திரிவதற்கு இது எவ்வளவோ மேல். நீயும் முழு மூச்சாக நில், அவளையும் நிற்கச் சொல், அவளுக்கு ஏதாவது குறைந்தால் உன்னிடம் இருப்பதைக் கொடு. அவள் ஜெயித்தால் கை வலிக்கத் தட்டு, நீ ஜெயித்தால் அவளைத் திட்டாதே, உன் வாய் பெரியம்மா வாய்.

பிக்குகளின் மழைக்கால விரதம் முடிந்ததும் கல்யாணம், இப்போதே விடுப்புக்குச் சொல்லிவை. உன் அம்மா உன் நெற்றியில் முத்தம் வைத்ததாக எழுதச் சொல்கிறாள். பெரியம்மா, இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே என்கிறாள். புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், உன் கை தொட்ட வேலை துலங்கட்டும்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
பெரியப்பா சாலி

எழுதியதை எல்லாம் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியாயிற்று, தலையாட்டிவிட்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதனால் இதைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். இரண்டு மூங்கில் என்பது என் கற்பனை. இரண்டாகக் காயவை என்று நான் சொல்லவே இல்லை, அடுப்புக்கு மேல் காய்ந்தது ஒன்றுதான், அதைத்தான் நம் வாணத்திலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான். போகாதே என்று சேலையோடு குறுக்கே நின்றவன் நான். நம்முடையதற்குக் குளக்கரையில் ஒரு பச்சை மூங்கிலை வெட்டிக் கட்டினோம், உரித்த இடத்தில் ஈரம் கையில் ஒட்டியது. இதை எழுதாதே என்று உன் அப்பா கேட்டுக்கொண்டான், ‘புவாகிட்ட சொல்லாதண்ணே, அவ என்ன மாதிரி, கையில இருக்கிற ஒண்ணையும் தூக்கிக் குடுத்துட்டு நிப்பா’ என்றான், அவன் இந்த வருஷம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். ஆனால் உன் மனுவுக்கு நான் யோசனை சொல்லிவிட்டு இதை மறைத்தால் சரியில்லை. நீ பார்த்துச் செய். அன்றைக்குக் குறுக்கே காற்று எதுவும் வரவில்லை, மகளே.