எண் மட்டும் போட்ட குழாயில் இருக்கும் அண்ணனுக்கு

என் பிரிய அண்ணே,

நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. திதியை அம்மா குறையில்லாமல் செய்தார். வடை நன்றாக வந்திருந்தது. நான் அரை நாள் லீவு போட்டு ஈசூனில் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுபடி லேபுக்குப் போய்விட்டேன். நீ இருந்தால் இதற்குக் கோபப்பட்டிருக்க மாட்டாய், கிண்டல் செய்திருப்பாய்.

சாப்பிடும்போது அம்மா கேட்டார், "அந்தக் கிருமி எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. அவன் அதைப் பெருசா எடுத்துக்கல."

உண்மைதானா அண்ணே? நீயாக என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நீ பிறந்தபோது இங்கே குழந்தைகளுக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது. ஏழு வருஷம் கழித்து நான் பிறந்தபோது இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது எனக்கு வரவில்லை. நமக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அம்மா உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று நான் சொன்னது எடுபடவேயில்லை. அதே கிருமி அம்மாவிடமும் இருக்கிறது. ஆனால் அம்மாவின் தட்டு மட்டும் எல்லாத் தட்டோடும்தான் கிடந்தது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடு என்றார்கள். "வலிக்கலையே, எதுக்கு லீவு?" என்று கேட்டுவிட்டு ஜூரோங் கப்பல் பட்டறைக்குக் கம்பெனி பஸ் ஏறினாய். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனபோது ஈரலில் கட்டி வளர்ந்திருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ தகராறு செய்யவில்லை. ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்கிறாயா என்று கேட்டேன். "எடுத்துக்க, எனக்கு எதுக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். அந்த ரத்தம் இப்போது எங்கள் லேப் ஃப்ரீசரில் இருக்கிறது. குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அது விதி.

அங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. இப்போது குறுக்கே பேச முடியாது, கேள். நீ சாப்பிட்ட மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. கிருமி ஈரல் செல்லுக்குள் நம் மரபணு இருக்கும் இடத்திலேயே தன் மரபணுவை ஒரு சின்ன வளையமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வளையத்தை வெட்ட ஒரு கத்தரி இருக்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்கு முகவரி கொடுக்க வேண்டும், இருபது மரபணு எழுத்து. அந்த எழுத்து வரிசை நம் மரபணுவில் எங்கும் வரக்கூடாது, எல்லா நோயாளியின் கிருமியிலும் மாறாமல் இருக்க வேண்டும். அந்த முகவரியைத் தேடுவதுதான் என் வேலை.

இரண்டு வருஷம் தேடி ஒன்றைப் பிடித்தோம். லேப் தட்டில் வளர்த்த செல்களில் வளையம் வெட்டுப்பட்டது. எங்கள் தலைவி டாக்டர் லிம் சும்மா யாரையும் பாராட்டமாட்டார். அன்று எல்லோருக்கும் கறிபஃப் வாங்கித் தந்தார்.

பிறகு ஃப்ரீசரில் இருந்த குழாய்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் கிருமியின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட எல்லாம் பொருந்தின. மூன்று குழாய்களில் மட்டும் இரண்டு எழுத்து மாறியிருந்தது. பிளாக் நம்பர் தப்பினால் பார்சல் வீடு வந்து சேருமா? கத்தரியும் அங்கே போய்ச் சேரவில்லை.

காரணம் எளிது. இந்தக் கிருமியில் பல வகை உண்டு. இங்கே சீனர்களிடம் அதிகம் இருப்பது ஒரு வகை, இந்தியாவிலிருந்து வந்த நம்மைப் போன்ற குடும்பங்களில் அதிகம் இருப்பது வேறு. கையில் நிறைய இருந்த சாம்பிள்களை வைத்து முகவரியைத் தேடினோம். நிறைய இருந்தவை யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. லேபில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர், பரீதாவும் நானும். எங்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

"முதலில் பெரும்பாலோருக்குப் பலன் கிடைக்கட்டும், மற்றவர்களுக்குப் பிறகு பார்ப்போம்" என்றார் டாக்டர் லிம். தப்பான பேச்சு இல்லை. அந்தப் பிறகு எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் முடிவு என்றார்கள்.

இரண்டாவது முகவரி இல்லாமல் நகரக்கூடாது என்று வாதாட நினைத்தேன். ஆனால் சொந்தக்காரர் சாம்பிள் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு விதி உண்டு. நான் அதுவரை சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்தில் எனக்கு இடம் கிடையாது.

தேக்கா மார்க்கெட்டில் பிரியாணி சாப்பிடும்போது பரீதாவிடம் இதைச் சொன்னேன்.

"சொல்லாம விடு லா. யாருக்குத் தெரியப்போவுது? நீ இல்லன்னா அங்க யாரு பேசுவா?"

"நீ பேசு."

"நானா? எனக்குக் காண்ட்ராக்ட் ரினியூ ஆகணும் லா."

மறுநாள் காலையில் டாக்டர் லிம்மிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உனக்காகப் பேசுகிறேனா, அந்த மூன்று பேருக்காகப் பேசுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் முழுதாகக் கேட்டார். நன்றி சொன்னார். கூட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்.

கூட்டம் நடந்தபோது வெளியே உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பரீதா தெரிந்தாள். அவளுக்குக் கை ஆடாமல் பேச வராது. அன்று ரொம்ப நேரம் கை ஆடியது. எனக்கு அழுகை வந்தது அண்ணே.

பழைய முகவரியைத் தூக்கிப் போடவில்லை. இரண்டாவதும் கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்துத்தான் அடுத்த கட்டம் என்று முடிவாயிற்று. இதனால் எல்லோருக்கும் தாமதம் ஆகும். முதல் முகவரியே போதும் என்றிருக்கிறவர்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒரு தங்கச்சி இருப்பாள். நான் செய்தது சரிதானா?

தேடுகிற வேலையை டாக்டர் லிம் என்னிடமே கொடுத்தார். எண்கள் எண்களாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நீ ரத்தம் கொடுத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் விசாரித்தால் உன் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். விசாரிக்கப்போவதில்லை.

நீ அந்த மூன்றில் ஒன்றா, பொருந்திய கூட்டத்தில் ஒருவனா என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. அதனால் மூன்று குழாயும் நீதான் என்று வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கப்போகிறேன். மூன்றுக்கும் பொருந்துகிற வரைக்கும் கிடைத்துவிட்டது என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
மலர்