இரண்டாவது முகம் குறித்து எழுத்தில் விளக்கம் கோருதல்

அனுப்புநர்:
மூன்றாம் பருவ மாணவி, நூலகவியல்
(முழுப் பார்வையின்மை, சான்று தங்கள் கோப்பில் உள்ளது)

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
இணையவழிக் கல்விப் பிரிவு

பொருள்: தேர்வு ரத்து – ஆதாரமாக அனுப்பப்பட்ட புகைப்படத்தில் இருப்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். கணினியில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானின் துணையோடு இரண்டு பருவங்களை முதல் வகுப்பில் முடித்திருக்கிறேன். பாடங்களில் உள்ள படங்களுக்குத் தாங்கள் விளக்கம் எழுதுவதில்லை. ஆகவே படம் வரும்போதெல்லாம் அது "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இதுபற்றி நான்கு முறை எழுதினேன். பதில் வராததால் பழகிக்கொண்டேன்.

2. இம்மாதம் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து தேர்வு எழுதினேன். விதி ஏழின்படி அறைக் கதவை உள்ளே தாழிட்டேன். கேமராவைச் சுற்றிக் காட்டி, வேறு யாரும் இல்லை என்று கண்காணிப்பு மென்பொருள் ஒப்புக்கொண்ட பிறகே வினாத்தாள் திறந்தது. என்னோடு வசிப்பவர் என் அக்கா ஒருவரே. அவர் எட்டு மணி முதல் சலவை நிலையத்தில் வேலையில் இருந்தார். வருகைப் பதிவின் நகல் இணைப்பில் உள்ளது.

3. காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது விதி என்பதால் திரைவாசிப்பானைச் சத்தமாக வைத்தேன். உடனே "வேற்றுக்குரல்" என்று புகார் பதிவானது. அது இயந்திரத்தின் குரல் என்று விளக்கியதைத் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நாற்பத்தோராம் நிமிடத்தில் தேர்வு தானாக மூடிக்கொண்டது. "அறையில் இரண்டாவது நபர்" என்பது காரணம். அது யார் என்று இருபதாம் தேதிக்குள் நான் தெரிவிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வெழுதத் தடை என்று தங்கள் கடிதம் கூறுகிறது.

4. ஆதாரம் கேட்டேன். ஒரு புகைப்படம் வந்தது. திரைவாசிப்பான் "படம்" என்றது. எத்தனை தடவை தட்டினாலும் அதையே சொன்னது. பாடப் படங்களுக்கு விளக்கம் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் படத்துக்கு இல்லாதபோது பயம் வந்தது.

5. கூடவே வந்த அறிக்கையில் எழுத்தாக இருந்தது சில எண்கள் மட்டுமே. இரண்டாவது முகம்: பதினோராம் நிமிடம், இரண்டு விழுக்காடு. இருபத்தாறாம் நிமிடம், ஐந்து. நாற்பத்தொன்றில், ஒன்பது. என் முகம் தொடக்கம் முதல் பதினான்கு. தங்கள் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "திரையில முகம் எவ்வளவு இடம் பிடிக்குதுங்கிற கணக்கும்மா" என்றார் அங்கிருந்த ஊழியர். அது கூடிக்கொண்டே போவது ஏன் என்று கேட்டேன். "கிட்ட வர்றாங்கன்னு அர்த்தம்" என்றார்.

6. படத்தைக் கைபேசியில் அக்காவிடம் காட்டினேன். அவர் வாய் ஓயாமல் பேசுபவர். வெளுக்க வந்த சட்டைகளைப் பற்றிக்கூடக் கதை சொல்வார். அன்று பேச்சே இல்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "ஒண்ணுமில்லடி, ஏதோ நெழலு. படிச்ச வரைக்கும் போதும், விட்டுடு" என்றார். படத்தையும் கைபேசியிலிருந்து அழித்துவிட்டார். மின்னஞ்சலில் அதன் நகல் இருப்பது அவருக்குத் தெரியாது. என் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். அன்று முதல், என் அறைக்குள் வரும்முன் அவர் காலடி வாசலில் ஒரு கணம் நின்று, ஒதுங்கி, பிறகுதான் உள்ளே வருகிறது. யாருக்கோ வழி விடுவதுபோல் இருக்கிறது. கேட்டால் சிரித்து மழுப்புகிறார். அந்தச் சிரிப்பு அவருடையது இல்லை. வேறொருவரிடம் படத்தைக் காட்ட எனக்குத் துணிவில்லை. அவரும் இப்படி வாயடைத்துப் போனால் நான் என்ன செய்வேன்?

7. நேற்று முற்பகல், மென்பொருள்தான் பிழை என்று நிரூபிக்கலாம் என்று எண்ணித் தங்கள் தளத்தில் மாதிரித் தேர்வு எழுதினேன். அக்கா வேலைக்குப் போயிருந்தார். கதவு தாழிட்டிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் கைவிரல் நுழையவும் இடமில்லை. அறிக்கை வந்தது. என் முகம் பதினான்கு. இரண்டாவது முகமும் பதினான்கு.

8. ஆகவே ஐயா, கருணை மதிப்பெண்ணோ சலுகையோ நான் கேட்கவில்லை. பார்வையுள்ள ஒருவரை அந்தப் புகைப்படத்தின் முன் உட்காரவைத்து, அதில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். பிழை என்றால் என் விடைத்தாளைத் திருத்துங்கள். பிழை இல்லை என்றால், மறுதேர்வை வேறு இடத்தில் வையுங்கள். விதி ஏழிலிருந்து எனக்கு விலக்கு தாருங்கள். இனி அந்தத் தாழ்ப்பாளை என் கையால் போட முடியாது.

பதிலைத் தபாலில் அனுப்பினால் அக்காதான் படிக்க வேண்டும். படித்ததைச் சொல்ல மாட்டார். எனவே மின்னஞ்சலில், எழுத்தாக அனுப்புங்கள். நானே கேட்டுக்கொள்கிறேன். அதில் என்ன இருந்தாலும் சரி, அறைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே வைப்பேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் பருவ மாணவி

நாள்: பன்னிரண்டாம் தேதி, காலை
இடம்: மேற்படி அறை

இணைப்பு: அக்காவின் வருகைப் பதிவு நகல், இரண்டு அறிக்கைகள், படம் ஒன்று.