பைட்டர் மீனும் உன் மாமாவின் அருவியும்

மரக்காணம்
தை 22

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதைப் பற்றிய பேச்சுதான் குறையவில்லை. நாங்கள் கடலிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறோம், நீ ஓமனில் சலாலா குடிநீர் ஆலையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பைக் கடலுக்கே கொடுத்துவிடுகிறாய், ஆகவே நம் குடும்பத்தின் மேல் கடலுக்குப் பெரிய வருத்தம் இருக்காது. போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் பேசினால் அப்பா குறுக்கே தலையை நீட்டி ‘பாவம் விடு’ என்பார். விடுவதாக இல்லை. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற கிளியனூர் மணிவண்ணனிடம் முறுக்கு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஆவணியில் விட்டுவிட்டுப் போன நீல பைட்டர் மீனைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதில் இரண்டு மாதம் பொய். நடந்தது இதுதான். புரட்டாசியில் உன் மாமா பாலகுரு வந்தான். திண்டிவனத்தில் மீன் தொட்டிக் கடை வைத்ததிலிருந்து அவன் எந்த வீட்டுக்குப் போனாலும் டாக்டர் மாதிரி சுற்றிப் பார்க்கிறான். தொட்டியைப் பார்த்து, “இன்னாக்கா இது, குட்டை மாதிரி கீது” என்றான். மறுநாளே தொட்டி விளிம்பில் மாட்டுகிற பெரிய பில்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றி அருவியாகக் கொட்டுகிற சாமான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பார்ப்பவர் மீனாக இல்லாதவரை. பைட்டர் வயல்வெளியில் தேங்கிய தண்ணீரில் பிறந்த இனம், மேலே வந்து வாயால் மூச்சு வாங்குவது, அதன் வால் பட்டுப் புடவைத் தலைப்பு மாதிரி என்று நீதானே சொன்னாய். அந்தத் தலைப்பை உறிஞ்சு குழாய் பிடித்து இழுத்தது. மேலே வந்தால் அருவி தலையில் அடித்துக் கீழே தள்ளியது. நான்கே நாளில் வால் கந்தலாகி, மீன் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. போன் செய்து சொன்னால், “அது நோஞ்சான் மீனுக்கா, பில்டர்ல ஒரு கொறையும் இல்ல” என்கிறான். பில்டரைக் கழற்றி வைத்தேன். அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன்.

ஐப்பசியில் அவன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, கையில் சாம்பார் வாளியோடு நின்று உன் மாமா சொன்னான்: “எங்க அக்கா கைல உப்பே யோசிச்சி யோசிச்சிதான் விளையுது, மீன் எங்க பொழைக்கப் போவுது? பொங்கலுக்கு நான் வரிசை எடுத்துனு போறதுக்குள்ள தொட்டி காலி, பாத்துனே இருங்க.” பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பழிவாங்க நினைப்பவர்கள் பொதுவாகச் சோறு தண்ணீரை விட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். நான் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். நீண்ட வேலைக்குத் தெம்பு வேண்டும். பொங்கலன்று அந்த மீன் வால் விரித்து அவன் எதிரில் நிற்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் தேவை.

மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை, யோசிக்க நேரம் இருந்தது. பாத்திக்குத் தண்ணீர் விடும்போது நாம் என்ன செய்கிறோம்? மடையில் ஒரு பிடி களிமண்ணை எடுப்போம், அரைப் பிடியைத் திரும்ப வைப்போம். வேகமாக விட்டால் அடிச்சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். தண்ணீர் போக வேண்டும், ஆனால் போவது தெரியக் கூடாது. இதைத் தெரிந்த நான் அந்த அருவிக்கு எப்படிச் சம்மதித்தேன் என்றுதான் இன்னும் புரியவில்லை. புதுச்சேரிக்குப் போனேன். எந்தக் கடைக்காரரைக் கண்டால் உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வானோ, விசாரித்து அந்தக் கடைக்கே போய், கைப்பிடி அளவு பஞ்சு பில்டரும் சின்ன காற்று மோட்டாரும் காற்றைக் குறைக்கக் குழாயில் மாட்டும் ஒரு திருகும் வாங்கினேன். கரண்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி மோட்டாரில் இறங்காமலிருக்க மோட்டாரைத் தொட்டிக்கு மேலே அலமாரியில் வைத்தேன். திருகை மூடி மூடி, குமிழி ஒவ்வொன்றாக எழும்பும்வரை குறைத்தேன். வால் புண் ஆற வாதுமை இலைச் சருகு ஒன்றையும் போட்டேன். மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதிதாக வளர்ந்தது.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மாதத்தில் பஞ்சு பழுப்பாகிவிட்டது. பாசி பிடித்த பாத்தியைச் சுரண்டி, மிதித்து, தரையைப் பளிங்காக்காமல் தண்ணீர் விட்ட பரம்பரையா நாம்? பஞ்சைச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பிழிந்து வெயிலில் காயவைத்து மாட்டினேன். தொட்டித் தண்ணீரையும் மொத்தமாக மாற்றினேன். மூன்றாம் நாள் மீன் அடியில் படுத்துக்கொண்டது. செவுள் சிவந்து மூச்சு வாங்கியது. மார்கழி பாதி போய்விட்டது. ஆரோவில் விருந்தினர் விடுதியில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு மேரிசெல்வியைக் கூப்பிட்டேன். பார்த்தவள் தலையில் கை வைத்தாள். “இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? அது அழுக்கு இல்லக்கா, கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க, அதுங்கதான் வேலை ஆளு. மீனு கழிவுல இருக்குற விஷத்த அதுங்கதான் தின்னுதுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல சீட்டுக் கிழிச்சி அனுப்பிட்டியே!” என்றாள். உன் மாமாவின் அருவி செய்யாததை என் சுத்தம் செய்திருக்கிறது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளே விடுதித் தொட்டியில் பழகிய பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பக்கத்தில் போட்டாள். தினம் கொஞ்சம் தண்ணீர் மட்டும் மாற்றினோம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு அழுத்து அழுத்தி அலச வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒன்பதாம் நாள் மீன் மேலே வந்து இரை கேட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் அழுதேன்.

பொங்கலுக்கு உன் மாமா கரும்பும் புடவையுமாக வரிசைத் தட்டோடு வந்தான். அவன் இலைக்கு நேர் எதிரே தொட்டியை வைத்திருந்தேன். அவன் உட்கார்ந்ததும் உன் மீன் செவுளை விரித்து, வாலை முழுதாக விரித்து, கண்ணாடியில் வந்து நின்றது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். வரிசைத் தட்டை வெறுமனே திருப்பக் கூடாதல்லவா, அவனுடைய அருவி பில்டரைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு அதே தட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து, “அக்கா, கடையில பைட்டர் எல்லாம் வால் கிழிஞ்சி கிடக்குது, வாங்குனவங்க திருப்பி எடுத்துனு வந்து சண்டை போடறாங்க. அந்தப் பஞ்சு விஷயத்த கொஞ்சம் சொல்லுக்கா” என்றான்.

சொல்லவில்லை. போனேன். கடையில் ஆறு தொட்டிக்கும் நானே பஞ்சு மாட்டி, திருகை வைத்துக் கொடுத்தேன். ஆனால் அலசுவதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, கூட்டம் இருக்கிற பதினோரு மணிக்கு, அவன் முதலாளி நாற்காலியில் நான் உட்கார்ந்து முந்தானையால் மறைத்து அலசுவேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளி பிடிக்க வேண்டும், யார் கேட்டாலும் “எங்க அக்காதான்” என்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு ஒன்பது பேர் கேட்டார்கள். மேரிசெல்வி, “சொந்தத் தம்பிதானேக்கா, சொல்லிக் குடுத்துடேன்” என்றாள். மீன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அதனால்தான் நானே போகிறேன் என்று சொன்னேன். பந்தியில் சிரித்தது நாற்பது பேர். இன்னும் முப்பத்தொரு பேர் பாக்கி.

நீ எண்ணெய் தேய்த்துக் குளி. கோபத்தில் யாரையும் பேசிவிடாதே. நம் குலதெய்வம் உனக்குத் துணையிருக்கும், நீண்ட ஆயுளோடு இரு. ஒன்று மட்டும் மறக்காதே. உன் மாமா உனக்குப் போன் செய்வான். ஓமன் வெயிலைக் கேட்பான், கல்யாணப் பேச்சு எடுப்பான், அப்புறம் சும்மா கேட்பதுபோல் பஞ்சை எப்படி அலசுவது என்று கேட்பான். நீ இளகிய மனசுக்காரன். எனக்குத் தெரியாது மாமா, அம்மாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடு.

இப்படிக்கு,
உன்மேல் மாறாத அன்பும், உன் மாமாமேல் மாறாத மற்றதும் கொண்ட
உன் அம்மா
ஆண்டாள்